பத்திரம் யார் பெயரில்? கூட்டுக் குடியிருப்புக்கு மூன்று வழிகள்

எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து 12 ஏக்கர் வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறோம். ஆளுக்கொரு வீடு, வீட்டைச் சுற்றிக் கொல்லை. கிணறு, களம், மாட்டுக் கொட்டகை, விதைக் கிடங்கு, விசேஷ நாட்களுக்கான சமையல்கூடம் எல்லாம் பொது. நெல்லும் சிறுதானியமும் காய்கறியும் பாலும் எங்கள் மண்ணிலிருந்தே வர வேண்டும். இதுவரை எதிலும் பிணக்கு வந்ததில்லை. ‘பத்திரம் யார் பெயரில்?’ என்று ஒருவர் கேட்ட அன்றுதான் கூட்டம் பாதியில் கலைந்தது. ஏற்கெனவே இப்படி வாழ்ந்து பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்று அதன்பிறகுதான் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

எல்லாமே பொது என்ற வழிக்குப் பெயர்பெற்ற உதாரணம், இன்றைய இஸ்ரேலில் உள்ள கிபுட்ஸ் என்ற கூட்டுப் பண்ணைக் குடியிருப்பு. கலிலேயாக் கடலின் தென்கரையில் 1910-இல் முதல் கிபுட்ஸான டெகானியா தொடங்கியது. நிலம் பொது, வருமானம் பொது, சாப்பாடு பொதுக்கூடத்தில். பிறகு வந்த பெரும்பாலான கிபுட்ஸ்களில் பிள்ளைகள்கூட இரவில் பெற்றோருடன் இல்லாமல் குழந்தைகள் இல்லத்தில்தான் தூங்கினார்கள். அந்த வழக்கம் பின்னாளில் மறைந்தது. 1980-களின் கடன் நெருக்கடிக்குப் பிறகு, சம வருமானம் என்ற கொள்கையையும் பல கிபுட்ஸ்கள் கைவிட்டன. டெகானியாவே 2007-இல் வேலைக்கேற்ற ஊதியத்துக்கு மாறியது.

ஆனால் எல்லோருக்கும் இந்த வாழ்க்கை ஒத்துவராது என்பது அதற்கு வெகு முன்பே தெரிந்துவிட்டது. பிற்காலத்தில் இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சரான மோஷே தயான் 1915-இல் டெகானியாவில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் அங்கிருந்து கிளம்பி, 1921-இல் நகலால் என்ற புதிய குடியிருப்பில் சேர்ந்தார்கள். ‘மோஷாவ்’ என்ற இரண்டாவது வழி அங்கேதான் உருவானது.

நகலாலின் வரைபடத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் காஃப்மன் ஊரை வட்டமாக வரைந்தார். நடுவில் பொதுக் கட்டடங்கள், அவற்றைச் சுற்றி வளையமாக வீடுகள். ஒவ்வொரு வீட்டின் பின்னாலிருந்தும் அந்தக் குடும்பத்தின் வயல் வண்டிச் சக்கரத்தின் ஆரம்போல வெளியே விரிகிறது. உழைப்பும் வரவும் குடும்பத்துடையவை; இடுபொருள் வாங்குவதும் விளைச்சலை விற்பதும் சேர்ந்து. பண்ணையைத் துண்டுபோடவும் முடியாது, ஒரே வாரிசுக்குத்தான் போகும். அண்ணன் தம்பிகள் பிரித்துப் பிரித்து, ஏக்கராக இருந்தது சென்ட் கணக்கில் சுருங்கியதைப் பார்த்த நமக்கு இந்த விதியின் அருமை நன்றாகவே தெரியும்.

மோஷாவிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஒருவர் கடனுக்கு மற்றவர்கள் ஜாமீன் என்ற ஏற்பாடு 1980-களில் பல ஊர்களை மொத்தமாகக் கடனில் தள்ளியது. ஒழுங்காகத் திருப்பிக் கட்டியவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நகலால் இருக்கும் யெஸ்ரயேல் பள்ளத்தாக்கில் நிலம் விலைக்கு வாங்கப்பட்டபோது, அங்கே உழுதுகொண்டிருந்த அரபுக் குத்தகை விவசாயிகள் வெளியேற நேர்ந்தது. நாங்கள் பார்த்திருக்கும் 12 ஏக்கரிலும் குத்தகைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஒரு வழி செய்யாமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

மூன்றாவது வழி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1968-இல் தொடங்கிய ஆரோவில்லில் நிலமும் வீடும் ஆரோவில் அறக்கட்டளைக்குச் சொந்தம். அதற்கென்று 1988-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. வீட்டில் வாழலாம், விற்க முடியாது. மனை வியாபாரம் உள்ளே நுழையாததால்தான் அந்தச் செம்மண் பொட்டலில் காடு வளர்க்க முடிந்தது என்று நம்புகிறேன். ஆனால் 50,000 பேருக்கென்று திட்டமிட்ட நகரில் இன்று இருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். சேமிப்பையெல்லாம் போட்டு வீடு கட்டிவிட்டு, வெளியேறும்போது வெறுங்கையோடு போவதற்கு எங்கள் குழுவில் யாரும் தயாராக இல்லை. அதை நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

மூன்றையும் நம் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? ஆளுக்கொரு தனிப் பட்டா என்றால், நாளைக்கே ஒருவர் தன் பங்கை மனை வியாபாரிக்கு விற்கலாம். நடுவில் கம்பிவேலி வந்துவிடும். கூட்டுப் பட்டா என்றால், ஒருவர் மனம் மாறினாலும் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். சங்கமாகப் பதிந்து நிலத்தைச் சங்கத்தின் பெயரில் வாங்குவது இன்னொரு வழி. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும். நிலம் சங்கத்துக்கு, வீடும் வயலும் மோஷாவ் மாதிரி குடும்பத்தின் பொறுப்பில், ஜாமீன் மட்டும் கூடவே கூடாது. என் வாக்கு இதற்குத்தான்.

தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்பதை மட்டும் நான் எங்கள் ஊரிலிருந்தே எடுத்துக்கொள்வேன். தாத்தாவின் பத்திரத்தில் ‘பொதுக் கிணற்றில் நாலில் ஒரு பாகமும், முறைத் தண்ணீரும், மாமூல் வண்டித்தட பாத்தியமும்’ என்று இருக்கும். நாலு பங்காளிகள், நாளுக்கு ஒருவர். முறை முடிந்தவர் மோட்டார் அறையிலிருந்து ஃபியூஸ் கட்டையைக் கழற்றிக்கொண்டுபோய் அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் வைக்க வேண்டும். ஒரு கோடையில் தாத்தாவின் முறையன்று நாள் முழுக்க மும்முனை மின்சாரம் வரவில்லை. மறுநாள் அவர் கட்டையைத் தரவில்லை. கடலைச் செடி வாடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு நாளுக்காக அவரும் அவருடைய பெரியப்பா மகனும் இரண்டு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு நாள் கணக்கை விட்டுவிட்டு, மோட்டார் ஓடிய மணிக்கணக்கைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதத் தொடங்கினார்கள். எனக்குத் தெரிந்து அதன்பிறகு தண்ணீர்ச் சண்டை வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு இரண்டு விதிகளை எழுதி எடுத்துப்போகிறேன். முதலாவது, தண்ணீர் மோட்டார் ஓடும் மணிக்கணக்கில்தான். இரண்டாவது, எங்களில் ஒருவரான ஓய்வுபெற்ற ஆசிரியைக்காக. ‘நான் போக வேண்டி வந்தால் என் பணம்?’ என்று அவர் கேட்டபோது யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. வெளியேறுபவரின் வீட்டைச் சங்கமே அன்றைய கட்டுமான மதிப்புக்கு எடுத்துக்கொண்டு, மூன்று ஆண்டுக்குள் பணத்தைத் தந்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். மூன்று ஆண்டு அதிகம் என்று அந்த அம்மா சொன்னால், இரண்டாகக் குறைக்கலாம்.