கிணற்றடிக்கு வந்தவர்கள்: ஐந்து வருட இணையவழி உளவளத்துணை அனுபவம்

2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போட்டபோது நான் உளவளத்துணை (கவுன்சலிங்) வேலைக்கென்று யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கீழே நகைக்கடை. என்னிடம் வருகிறவர் அந்தப் படியில் ஏற வேண்டுமென்றால் கடை வாசலில் நிற்கும் யாராவது ஒரு சொந்தக்காரரைத் தாண்டித்தான் ஏற வேண்டும். யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் நிற்காத வீதி ஏது? எட்டு மாதத்தில் மொத்தம் பதினொரு பேர் வந்தார்கள். அவர்களில் நான்கு பேர் இரண்டாம் தடவை வரவில்லை. அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வீட்டின் பின்னறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இணையவழியில் தொடங்கினேன்.

இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எந்த ஆப் நல்லது?" என்பதுதான். அதனால் ஐந்து வருடத்துக்கு மேல் எதைப் பயன்படுத்தினேன், எதற்குக் காசு கொடுத்தேன், எதைக் கைவிட்டேன் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் காணொளிச் செயலி. ஆரம்பத்தில் இலவசக் கணக்கே போதுமாக இருந்தது. பிறகு இருவர் மட்டும் பேசும் அழைப்புக்கும் 40 நிமிட வரம்பு வைத்தார்கள். என் அமர்வு 50 நிமிடம். திரும்பவும் இணைந்தால் சரிதானே என்று நினைத்துச் சில வாரம் ஓட்டினேன். அது பிழை. ஒருவர் அரைமணி நேரம் வேலை, பிள்ளைகளின் படிப்பு, சீட்டுக்காசு என்று சுற்றி வந்துவிட்டு, உண்மையில் சொல்ல வந்ததை வாயில் எடுப்பது முப்பத்தைந்தாவது நிமிடத்துக்குப் பிறகுதான். அந்த இடத்தில் திரை கறுத்துப் போனால், மறுபடி இணையும்போது அவர் கண்ணைத் துடைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு இருப்பார். "ஒண்டுமில்லை அக்கா, பிறகு கதைப்பம்." கட்டணக் கணக்குக்கு அன்றே மாறினேன். எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம்.

டொலரில் கட்டும் சந்தா என்பதால் 2022இல் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாய், மே மாதத்தில் 360 அளவில். அதே காலத்தில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை போனது. ரூட்டருக்கென்று ஒரு சின்ன யூபிஎஸ், இரண்டாவது கம்பனி ஒன்றின் சிம் போட்ட டொங்கிள், இரண்டும் அப்போது வாங்கியவை. இன்றும் மேசையில் இருக்கின்றன. விலையுயர்ந்த கமெரா ஒன்றும் வாங்கினேன். அதை இப்போது மகன் வைத்திருக்கிறான். துணைநாடிகளில், அதாவது என்னிடம் உதவி நாடி வருகிறவர்களில், பாதிப் பேர் தங்கள் கமெராவை அணைத்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். முகம் தெளிவாகத் தெரிவதை விடக் குரல் தடைப்படாமல் வருவதே முக்கியம். நல்ல ஹெட்செட் ஒன்று போதும்.

இனி, நான் காசு கொடுத்து வாங்க முடியாமல் போன சாமான்: துணைநாடியின் வீட்டில் ஒரு கதவு.

வெளிநாட்டுப் பயிற்சிக் குறிப்புகளில் "தனியான, அமைதியான அறையில் இருங்கள்" என்று ஒரு வரி இருக்கும். நானும் அதை அப்படியே தமிழில் எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தால் எங்கள் வீடுகளில் என்ன நடக்கும்? அம்மா தேத்தண்ணியோடு வருவா. பெரியம்மா கதவைத் தட்டுவா. பூட்டிய கதவுதான் வீட்டில் பெரிய செய்தி. ஒரு துணைநாடி, இதை எழுதலாம் என்று அவரே சொன்னார், முதல் மூன்று அமர்வையும் கிணற்றடியில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து பேசினார். உடுப்புத் தோய்க்கப் போனவளை யார் தேடுவார்கள்? இன்னொருவர் முச்சக்கரவண்டியை வயல் ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுவார். மொட்டைமாடி, ரியூஷன் முடிந்த வெறும் கொட்டகை, அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்துக் கார், எல்லாம் பார்த்துவிட்டேன்.

அந்த வரியை எடுத்துவிட்டு இப்போது வேறு கேள்வி கேட்கிறேன்: "நீங்கள் வழக்கமாகப் போய் நிற்கிற இடம், யாரும் காரணம் கேட்காத இடம், எது?" கூடவே ஒரு மறைவார்த்தையும் பேசி வைப்போம். யாராவது பக்கத்தில் வந்தால் கதையை மாற்றுவதற்கு. ஒருவர் தேர்ந்தெடுத்தது, "கறுத்தக்கொழும்பான் இப்ப என்ன விலை?" ஆறு மாதம் நன்றாகத்தான் வேலை செய்தது. மார்கழி மாதத்தில் கேட்டபோது தாயாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது, மார்கழியில் ஏது மாம்பழம்! இப்போது கரண்ட் பில் பற்றிக் கேட்கிறோம். அது வருடம் முழுக்க வருகிறது.

நேரம் குறிக்கவும் நினைவூட்டவும் வட்ஸ்அப் பிஸ்னஸ். இலவசம். தனி இலக்கம். தானாகப் போகும் பதில், ஆட்களைப் பிரித்து வைக்கும் லேபிள், இரண்டும் உதவுகின்றன. முதலில் கணக்கின் பெயராக "உளவளத்துணை நிலையம்" என்று பெருமையாகப் போட்டிருந்தேன். மேசையில் கிடந்த போனில் அந்தப் பெயர் மின்னியதைக் கணவர் பார்த்துவிட்டார் என்று ஒருவர் நிறுத்திவிட்டார். இப்போது என் முதலெழுத்துகள் மட்டும். வணிகப் பாடம் படித்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள், பெயரை மறைக்கிற கடையை எங்கே கண்டோம் என்று. இன்னொன்று: செய்திகள் மறைகுறியாக்கப்பட்டுத்தான் போகின்றன, ஆனால் கூகுள் டிரைவில் ஏறும் பேக்கப்புக்கு அந்தப் பூட்டு தானாக விழாது. செற்றிங்சுக்குள் போய் நாமே போட வேண்டும். எனக்கு இது இரண்டு வருடம் தெரியாமல் இருந்தது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கலண்டர் விடயத்தில் கூகுள் கலண்டரை விட நல்லது தேவைப்படவில்லை. எங்களுக்கு நேரம் மாறாது, வெளிநாட்டில் இருக்கும் துணைநாடிகளுக்குக் கோடைக்கும் குளிருக்கும் மாறும். ரொறன்ரோவில் இரவு எட்டு மணி என்பது கோடையில் இங்கே காலை 5.30, குளிர்காலத்தில் 6.30. லண்டன் வேறு நாளில் மாற்றும். மார்ச்சில் இரண்டு மூன்று வாரம் இரண்டு ஊரும் தலைகீழாக நிற்கும். கொப்பியில் எழுதி வைத்து ஒரு பங்குனியில் மூன்று பேரைக் காக்க வைத்த பிறகுதான் கொப்பியை விட்டேன். விடிகாலை அமர்வுகளில் கோயில் ஒலிபெருக்கி உள்ளே வரும். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு யன்னலைச் சாத்த எழுந்தால், "அக்கா, சாத்தாதேங்கோ, கொஞ்சம் கேட்கட்டும்" என்று அந்தப் பக்கத்திலிருந்து வரும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் நான் யன்னலைச் சாத்துவதில்லை.

கட்டணம். நான் தொடங்கியபோது இலங்கைக் கணக்கில் பேபால் வழியாகப் பணம் பெற வழியில்லை. உள்ளூர் ஆட்கள் வங்கிக்கு மாற்றிவிட்டுச் சிலிப்பைப் படம் எடுத்து அனுப்புவார்கள். வெளிநாட்டிலிருந்து வங்கிக்கு வங்கி. "உண்டியலில் போட்டுவிடட்டா?" என்று, வங்கிக்கு வெளியே ஆள்வழியாகக் காசு அனுப்பக் கேட்டவர்களுக்கு வேண்டாம் என்றேன். கணவன் மனைவி சேர்ந்த கணக்கென்றால் என் பெயர் அறிக்கையில் தெரியும் என்பதை முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் மாதங்களில் இலவசமாகவே செய்தேன். இலவசத்துக்கு ஆட்கள் பதிவார்கள், வரமாட்டார்கள். ஒரு சின்னத் தொகை வைத்ததும் வந்தார்கள்.

விளம்பரத்தில்தான் அதிகம் காசு கரைத்தேன். முகநூலில் பக்கம் திறந்து, "மனச்சோர்வால் அவதிப்படுகிறீர்களா?" என்று பூஸ்ட் போட்டேன். நிராகரிக்கப்பட்டது. பார்ப்பவரின் உடல்நிலை, மனநிலையைச் சுட்டி விளம்பரம் போடக்கூடாது என்பது அவர்கள் விதி, வாசிக்காதது என் பிழை. யோசித்துப் பார்த்தால் நியாயமான விதி. மாற்றி எழுதிப் போட்டேன். நிறையப் பேர் பார்த்தார்கள், ஒருவரும் லைக் போடவில்லை. லைக் போட்டால் மச்சாளுக்குத் தெரிந்துவிடுமே. வந்த செய்திகள்: வேலை இருக்கிறதா, சாத்திரமும் பார்ப்பீர்களா, "ஹாய்". துணைநாடிகளிடம் பாராட்டு வாங்கிப் பதிவிடச் சொன்னார் ஒரு விளம்பர ஆலோசகர். எங்கள் தொழிலில் அது ஒழுக்கக்கேடு என்று விளங்கப்படுத்தி முடிக்கவே அவர் கட்டணத்தில் பாதி போனது.

வேலை செய்தது ஒரு குரல் பதிவு. இரண்டு நிமிடம், "நித்திரை வராத இரவு" பற்றி, என் மாமியோடு கதைப்பது போல. வட்ஸ்அப்பில் நான்கு சிநேகிதிகளுக்கு அனுப்பினேன். மூன்று வாரத்தில் கனடா சுற்றி என் சொந்தச் சித்திக்கே திரும்பி வந்தது. குரலைக் காதில் மாட்டிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, லைக் போடவும் தேவையில்லை. சொல்லும் முக்கியம். "மனநலம்" என்றால் "எனக்கு விசரெண்டு நினைக்கப்போகினம்" என்று பின்வாங்குவார்கள். "நித்திரை இல்லை", "யோசனை கூட", "நெஞ்சுக்குள்ளை பாரம்" என்றால் காது கொடுப்பார்கள். மாதம் ஒரு பதிவு, அவ்வளவுதான் என் விளம்பரம் இப்போது. முகநூலுக்குக் காசு கொடுத்து மூன்று வருடம் ஆகிறது.

இணையத்தளத்துக்கு ஒரு பெடியனைப் பிடித்து ஏழு பக்கம் செய்தேன். இப்போது ஒன்றுதான் மிச்சம். அதில் என் தகுதி, கட்டணம், நான் செய்யாதவை, அவசர இலக்கங்கள்: இலங்கையில் 1926, கனடாவில் 988, பிரித்தானியாவில் 116 123. முதல் அமர்விலேயே துணைநாடி அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்வேன். ரொறன்ரோவில் ஒருவருக்கு ஆபத்தென்றால் திருநெல்வேலியில் இருந்து நான் ஓடிப்போக முடியாது. மருந்து தேவைப்படும் உள்ளூர் ஆட்களைத் தெல்லிப்பழை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புகிறேன்.

"நான் செய்யாதவை" என்ற பகுதி என் மேற்பார்வையாளர் எழுத வைத்தது. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் தீவிரமான மனக் கோளாறுக்குப் பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பது 2017 முடிவிலிருந்து அங்கு பதிவு பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது. கடல் கடந்து கணினி வழியாகச் செய்தாலும் கேள்வி கேள்விதான். அதைச் சொன்ன நாளில் என்னிடம் இருந்தவர்களில் பாதிக்கு மேல் அந்த மாகாணம். பாரமான பிரச்சினை உள்ளவர்களை அங்கே பதிவு பெற்ற தமிழ் பேசும் ஆட்களிடம் ஒவ்வொருவராகக் கையளித்தேன். நான்கு மாதம் எடுத்தது. வருமானம் விழுந்தது, அந்த வருடம் வீட்டுக் கூரை வேலையை நிறுத்தி வைத்தோம். இதை முதல் நாளே விசாரித்திருக்க வேண்டும். நீங்கள் விசாரியுங்கள்.

நேற்று இணையத்தளப் பெயரைப் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. கட்டுவதா விடுவதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் ஒருமுறை அதிர்ந்தது.

"அக்கா, கிணத்தடிக்கு வந்திட்டன். எடுக்கட்டா?"