பாலிமர் கிளே என்று சொல்லி விற்றார்கள், வந்தது வேறு

மினியேச்சர் பூ செய்கிறவர்கள், அதிலும் புதிதாகக் கிளே (பிசைந்து உருவம் செய்யும் களிமண் மாதிரிப் பொருள்) வாங்கப் போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். எனக்கு 220 வெள்ளியும் (மலேசிய ரிங்கிட்) மூன்று வார உழைப்பும் போய்விட்டன.

என் அத்தை பினாங்கு லிட்டில் இந்தியாவில், ஐந்தடி நடைபாதையில் பல வருடம் பூ கட்டி விற்றவர். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு அந்தக் கடையை 1:12 அளவில் செய்து கொடுக்க ஆசைப்பட்டேன். அந்த அளவில் ஓர் அடி ஓர் அங்குலமாகிவிடும். இரண்டரை சென்டிமீட்டர் மல்லிகை மொட்டு இரண்டே மில்லிமீட்டர்தான் இருக்கும்.

கைப்பேசியில் பேசித்தான் வாங்கினேன். விற்ற பெண் "அக்கா, அக்கா" என்று அன்பாகப் பேசினார். அரைக் கிலோ வெள்ளை பாலிமர் கிளே, மெல்லிய கம்பி, இலை அச்சு, செம்பருத்தி அச்சு. கிளே பிராண்ட் பெயரே இல்லாமல் பிளாஸ்டிக்கில் சுற்றி வந்தது. கேட்டதற்கு, "பெரிய பாக்கெட்டைப் பிரிச்சு விக்கிறோம்கா, 130 டிகிரியில ஓவன்ல வைங்க" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

முதல் இரவு உருட்டி வைத்த மொட்டுகள் காலையில் கல்லாக இறுகியிருந்தன. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். பாலிமர் கிளே பிவிசி கலந்தது. சூட்டில்தான் இறுகும், காற்றில் காயாது. வந்தது காற்றில் காயும் கிளே. நீர் வற்ற வற்ற அது சுருங்கும். ரோஜா இதழ்களின் ஓரம் வெடித்தது, காம்புக் கம்பிகள் பூவை விட்டுக் கழன்றன, மல்லிகைச் சரத்தில் மொட்டுக்கு மொட்டு இடைவெளி விழுந்தது. அடுத்த வாரம் விடாத மழை. இலைகள் பிசுபிசுத்து, கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடித்துவிட்டது.

காற்றில் காயும் கிளேயை நான் குறை சொல்லவில்லை. இதழை மெல்லியதாக இழுக்க அது அருமையான பொருள். ஆனால் சுருங்கும் என்று தெரிந்தால் கொஞ்சம் பெரிதாகச் செய்வோம், நன்றாகக் காயவிட்டு வார்னிஷ் பூசுவோம். பெயரை மாற்றிச் சொன்னதால் எல்லாமே தப்பாகிப் போனது. அந்தச் செம்பருத்தி அச்சும் கேக் அலங்காரத்துக்கானது. அதில் வரும் பூ மூன்று சென்டிமீட்டர். 1:12 கணக்கில் ஓரடிக்கும் மேல் அகலமான செம்பருத்தி!

படம் எடுத்து அனுப்பினேன். "உங்க வீட்டு ஈரம்" என்று ஒரு பதில், அப்புறம் என் எண்ணையே தடுத்துவிட்டார். பணம் போட்ட கணக்கும் வேறு யாரோ பெயரில் இருந்தது. மோசடிக் கணக்கா என்று பார்க்க உதவும் போலீஸின் செமாக் மியூல் இணையத்தளத்தில் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பணம் போடுங்கள். நுகர்வோர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம். ஆனால் விற்றவரின் பெயரும் முகவரியும் வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு போன் நம்பர் மட்டும்.

உறை பிரித்த கிளேதான் கிடைக்கிறது என்றால், ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டுச் சில மணி நேரம் விடுங்கள். காற்றில் காயும் கிளே வழவழத்துக் கரையத் தொடங்கும். பாலிமர் அப்படியே கிடக்கும்.

பிறந்தநாளுக்குப் பூ இல்லாத பூக்கடையைத்தான் கொடுக்க முடிந்தது. அத்தை வெறும் கம்பியைத் தொட்டு, "இங்க மல்லி, இங்க ஆர்கிட் மாலை" என்று இடம் சொன்னார். இப்போது பிராண்ட் பெயர் போட்ட, உறை பிரிக்காத பாக்கெட் வாங்கி, மல்லியிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறேன்.