கோடை விடுமுறைக்கு பிட்ஸ்பர்க்கா, மில்வாக்கியா?

பிள்ளைகளோடு ஜூலையில் சில நாள் தங்க இரண்டும் நல்ல அமெரிக்க ஊர்கள்தான். என் ஓட்டு பிட்ஸ்பர்க்குக்கு.

அலகெனி, மோனங்ககேலா என்ற இரண்டு ஆறுகள் கூடி ஓஹையோ ஆறாகும் இடம் நகரின் நடுவிலேயே இருக்கிறது. அதைப் பார்க்க 1877 முதல் ஓடும் டுக்கேன் இன்க்ளைன் என்ற மலைச்சரிவு ரயிலில் ஏறுங்கள். மரவேலைப்பாடுள்ள பழைய பெட்டி கம்பியில் மெல்ல மேலே இழுபட, மஞ்சள் பாலங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். பொழுது சாயும் நேரம் இன்னும் அழகு. மழை வந்தால் கார்னகி அருங்காட்சியகத்தின் டைனோசர்கள் இருக்கின்றன; பிள்ளைகளை வெளியே கூட்டி வருவதுதான் பெரும்பாடு. அப்புறம் புறநகரான பென் ஹில்ஸில் வெங்கடேஸ்வரர் கோயில், 1970களில் எழும்பியது. அவசியம் போங்கள்.

மில்வாக்கியின் பலம் மிச்சிகன் ஏரி. ஊருக்குள் வெயில் கொளுத்தினாலும் கரையில் காற்று சில்லென்று வீசும். பிட்ஸ்பர்க்கின் ஜூலைப் புழுக்கத்தில் இந்தச் சுகம் கிடையாது. சிகாகோவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான், கார் வேண்டாம். சம்மர்ஃபெஸ்ட் இசைவிழா நாட்களில் போவதென்றால் ஹோட்டலை முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

முட்டிவலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால் மட்டும் மில்வாக்கி. பிட்ஸ்பர்க் முழுக்க மேடும் படிக்கட்டும்; ஏரிக்கரைப் பாதை சமதளம்.