ஓங்கில் கொழுப்பில் ஒலிவேகம்: நேரடித் தொடுகையா, நீர்த்தொட்டியா?

முல்லைத்தீவுக் கரையில் ஒதுங்கும் ஓங்கிலோ (டொல்பின்) திமிங்கிலமோ வெயிலில் கிடந்தால் விரைவில் அழுகி, இழையத்துக்குள் வாயுக்குமிழ்கள் உண்டாகும். ஒலிவேகம் அளக்க நாங்கள் அனுப்பும் கழியொலியை (அல்ட்ராசவுண்ட்) வாயு தடுத்துவிடும். ஆகவே வனஜீவராசிகள் திணைக்கள அனுமதியோடு நெற்றிக் கொழுப்பில் மாதிரி வெட்டுபவர்கள் ஐஸ் பெட்டியோடுதான் கரைக்குப் போக வேண்டும். ஃபோர்மலினில் போடவே கூடாது, அது இழையத்தை இறுக்கி ஒலிவேகத்தையே மாற்றிவிடும்.

நேரடித் தொடுகை முறை சுலபமானது. இரண்டு டிரான்ஸ்டியூசர்களுக்கு (ஒலித்துடிப்பை அனுப்பும், வாங்கும் கருவிகள்) நடுவே துண்டை வைத்து, ஜெல் பூசி, துண்டின் தடிப்பைத் துடிப்பு அதைக் கடக்கும் நேரத்தால் வகுத்தால் சரி. ஆனால் நெற்றிக் கொழுப்பு மெத்தென்றது. தடிப்பை அளக்கும் இடுக்கிமானியின் தாடை பட்டதுமே அமுங்கும். ஒரு மில்லிமீற்றர் பிசகுவது சாதாரணம்.

நீர்த்தொட்டி முறையில் டிரான்ஸ்டியூசர்கள் இரண்டையும் எதிரெதிரே அசையாமல் பூட்டிவிட்டு, முதலில் வெறும் நீரிலும் பிறகு நடுவே துண்டை வைத்தும் துடிப்பு வந்து சேரும் நேரத்தைப் பார்க்கிறோம். 30 பாகை செல்சியசில் தூய நீரில் ஒலிவேகம் செக்கனுக்கு 1509 மீற்றர். 20 மில்லிமீற்றர் துண்டை வைத்ததும் துடிப்பு 0.70 மைக்ரோசெக்கன் பிந்தினால், அந்தப் பிந்தலைத் தடிப்பால் வகுத்து நீர்வேகத்தின் நிகர்மாற்றோடு (1-ஐ அந்த வேகத்தால் வகுத்தது) கூட்டுங்கள். வருவது கொழுப்பு வேகத்தின் நிகர்மாற்று; 1-ஐ அதனால் வகுத்தால் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1433 மீற்றர். தடிப்பைத் தவறுதலாக 21 என்று எடுத்தாலும் விடை 1437தான். அதே தவறு தொடுகை முறையில் 1505 என்று காட்டும். நீரைவிட நன்றாக மெதுவான கொழுப்பு, நீருக்குச் சமமானதுபோல் ஆகிவிடும்! ஓங்கில் நெற்றியால் ஒலியைக் குவிப்பதே அந்த வேக வித்தியாசத்தால்தான். அதைத் தொலைத்துவிட்டு அளந்து என்ன பயன்? எங்கள் தெரிவு நீர்த்தொட்டியே.

அதற்கும் கவனம் வேண்டும். கொக்கிளாய்க் களப்புத் தண்ணீரை ஊற்ற வேண்டாம், உப்பு வேகத்தைக் கூட்டும். காய்ச்சி வடித்த நீரை மறுபடி கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டால் கரைந்த வாயு போய்விடும். சூடேற நீரில் வேகம் கூடும், கொழுப்பில் குறையும். ஆதலால் துண்டை மெல்லிய பொலித்தீனில் காற்றில்லாமல் சுற்றி, ஒரு மணித்தியாலமாவது தொட்டியில் வைத்து வெப்பநிலையைச் சமப்படுத்துங்கள். 1 மெகாஹேர்ட்ஸில் அடுத்த அலைமுகட்டைத் தவறுதலாகப் பிடித்தால் ஒரு மைக்ரோசெக்கன் முழுதாகப் பிழைக்கும். துடிப்பின் தொடக்கத்தையே குறியுங்கள்.

ஆஸ்பத்திரி ஸ்கேன் இயந்திரம் எல்லா இழையத்துக்கும் 1540 மீற்றர் என்று வைத்தே கணக்கிடும். கரையில் கொழுப்புப் படையின் தடிப்பைப் பார்க்க அது போதும், வேகம் அளக்க உதவாது.