152இல் போட்ட கோடு: ரிவர்சல் டிரேடிங், என் அனுபவம்

"ரவுண்டு நம்பர்ல கோடு போட்டு ரிவர்சல் எடுக்குறீங்களே, நிஜமாவே வேலை செய்யுதாண்ணே?" என்று கூட வேலை பார்க்கும் தம்பி கேட்டான். 152, 160 மாதிரி முழு எண்ணில் சார்ட்டில் கோடு போட்டு, விலை அங்கிருந்து திரும்பும் என்று பந்தயம் கட்டுவதுதான் ரிவர்சல். டீக்கடையில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

சிங்கப்பூரில் உட்கார்ந்து நான் பார்ப்பது டாலர்-யென் ஒன்றைத்தான், அதாவது ஒரு அமெரிக்க டாலருக்கு எத்தனை யென் என்ற விலை. ஒரு டிரேடுக்குப் பத்தாயிரம் டாலர், அதாவது விலை ஒரு பிப் (0.01 யென்) நகர்ந்தால் எனக்கு 100 யென். பெரிய ஆள் எல்லாம் இல்லை.

152இல் கோடு போட வைத்தது 2022 அக்டோபர் 21. விலை 151.94 வரை ஏறியது. ஜப்பான் அரசு டாலரை விற்று யென் வாங்க இறங்கியதும் சில மணி நேரத்தில் ஐந்து யென்னுக்கு மேல் சரிந்தது. அன்று நான் வேடிக்கைதான் பார்த்தேன்.

அடுத்த வாய்ப்பு 2023 நவம்பர் 13, தீபாவளிக்கு மறுநாள் விடுமுறை. இறங்கும் என்று நம்பி 151.80இல் டாலரை விற்றேன். ஸ்டாப் லாஸ், அதாவது கணிப்பு தப்பினால் நஷ்டத்தோடு தானாக வெளியேறும் விலை, 152.10. விலை 151.91 தொட்டது, திரும்பியது. மறுநாள் அமெரிக்கப் பணவீக்கம் குறைவாக வந்து டாலர் இறங்க, 150.40இல் வெளியே வந்தேன். 14,000 யென் லாபம். ஓராண்டு கழித்தும் சந்தை அதே படியில் தடுக்கி விழுந்ததை நேரில் பார்த்த சந்தோஷம் பணத்தைவிடப் பெரிது.

அப்புறம்தான் எனக்குப் புத்தி அதிகமானது. 2024 மார்ச் 27இல் அதே 151.80இல் விற்று, ஸ்டாப்பை 151.95இல் வைத்தேன். 2022 உச்சிக்கு ஒரு பிப் மேலே! காலையில் வேலைக்குள் நுழையும்போது விலை 151.97. என்னைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு அன்று மாலையே 151 பக்கம் இறங்கியது. கணிப்பு சரி, நாள் சரி, பணம் மட்டும் போச்சு. 1,500 யென்தான், ஆனாலும் இரவு சாப்பாடு இறங்கவில்லை.

இந்த முறையில் எனக்குத் தீராத எரிச்சல் இதுதான். நாம் போடுவது மெல்லிய கோடு, சந்தைக்கு அது ஒரு அகலமான பட்டை. எல்லோரும் உச்சிக்குக் கொஞ்சம் மேலேதான் ஸ்டாப் வைக்கிறோம். அங்கே குவிந்திருக்கும் ஆர்டர்களைத் தொட்டுவிட்டுத்தான் விலை பல நேரம் திரும்புகிறது. போதாக்குறைக்கு, சார்ட் பெரும்பாலும் காட்டுவது பிட் விலை, நாம் விற்றால் கிடைப்பது. விற்றவனின் ஸ்டாப் அடிபடுவது ஆஸ்க் விலையில், அதாவது திரும்ப வாங்கக் கொடுக்க வேண்டிய கூடுதல் விலையில். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியான ஸ்பிரெட் விரியும் நேரத்தில், சார்ட்டில் கோட்டைத் தொடாத விலையும் நம்மைக் காலி செய்யும். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

சரி, பாடம் கற்றேன் என்று 2024 ஏப்ரல் 10இல் அதே 151.80இல் விற்று, ஸ்டாப்பை மறுபடி 152.10க்குத் தள்ளினேன். நோன்புப் பெருநாள். பக்கத்து வீட்டு ரெண்டாங் கறித் தட்டு மடியில். இரவு 8:30க்கு அமெரிக்கப் பணவீக்கம் 3.5 சதவீதம் என்று வந்தது, எதிர்பார்த்தது 3.4. டாலர் எகிறியது. கோடாவது ஒன்றாவது! நான் கேட்ட 152.10இல் எனக்கு டாலர் விற்க ஆளே இல்லை, 152.38இல்தான் வெளியே விட்டார்கள். 5,800 யென் நஷ்டம். புரோக்கரைத் திட்டினேன்; நியாயமாகப் பார்த்தால் அந்த நொடியில் யாராக இருந்தாலும் அப்படித்தான் கொடுத்திருப்பார்கள்.

160ஐப் பற்றியும் தம்பி கேட்டான். ஏப்ரல் 29இல் 160ஐத் தாண்டிய வேகத்திலேயே விழுந்தது. ஜூன் கடைசியில் அதே 160க்கு மேல் ஏறி, ஜூலை 11 வரை இறங்காமல் உட்கார்ந்திருந்தது, 161.95 வரைக்கும் போனது. ஏப்ரலை நம்பி ஜூனில் விற்றவர்களை நினைத்துப் பாருங்கள்.

மூன்று டிரேடையும் கூட்டிக் கழித்தால் எனக்கு 6,700 யென் லாபம். தம்பியிடம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த 151.97ஐ நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.