இழுக்கிற நாய்க்கு ஹார்னஸ் வாங்குகிறவர்கள், வளையம் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

எங்கள் வீடு கிளிநொச்சியில், இரணைமடுத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஒன்றுக்குப் பக்கத்தில். அப்பாவுக்கு இடது காலில் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். சீனி வருத்தம் இருப்பதால் நாளாந்தம் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். பின்னேரம் ஐந்து மணிக்குக் கறுப்பனையும் கூட்டிக்கொண்டு வாய்க்கால் கட்டில் நடப்பார். கறுப்பன் அல்சேஷன் கலப்பு, 28 கிலோ. கட்டில் மயிலைக் கண்டால் போதும், கழுத்துப்பட்டி நெரிக்க நெரிக்க, இருமி இருமி இழுப்பான். ஒருநாள் அப்பா தடுமாறி வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் படலையடியில் இருந்து பார்த்தேன். அன்று இரவே போனில் தேடத் தொடங்கினேன்.

பேஸ்புக்கில் ஒரு விற்பனைப் பக்கம். இழுக்கிற நாயை உடனே நிறுத்தும் ஹார்னஸ் (கழுத்தில் இல்லாமல் நெஞ்சையும் முதுகையும் சுற்றிப் போடுகிற பட்டி) என்று போட்டிருந்தார்கள். படத்தில் நாயின் நெஞ்சுக்கு நேரே, கயிறு கொழுவுகிற ஓர் இரும்பு வளையம் தெளிவாகத் தெரிந்தது. விலை 4,800 ரூபா, கூரியருக்கு 450. நெஞ்சு வளையம் இருக்கிறதா என்று கேட்டே எழுதினேன். "ஓம் அக்கா, படத்தில இருக்கிற அதே சாமான்தான்" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் ஓடர் போட்டேன்.

பார்சல் கொண்டுவந்த தம்பி, காசு தந்த பிறகுதான் பிரிக்கலாம் என்றார். அவரில் பிழையில்லை, அவர்களுடைய முறை அது. கொடுத்துவிட்டுப் பிரித்தேன். வளையம் இருக்க வேண்டிய இடத்தில், வெளிச்சம் பட்டால் மின்னும் ஒரு துண்டுப் பட்டியைத் தைத்திருந்தார்கள். வளையம் முதுகில் மட்டும்தான்.

உடனே படம் எடுத்து அனுப்பினேன். "எல்லா ஹார்னசும் ஒண்டுதான் அக்கா. நாய் பழகக் கொஞ்ச நாள் எடுக்கும், ஒரு கிழமை போட்டுப் பாருங்கோ" என்றார்கள். சரி என்று போட்டேன்.

எல்லா ஹார்னசும் ஒன்று கிடையாது. வண்டில் மாட்டுக்கு நுகத்தைத் திமிலுக்கு முன்னால் வைப்பது ஏன்? முழுப் பலத்தையும் போட்டு இழுக்கத்தான். பனிநாடுகளில் வண்டி இழுக்கும் நாய்களுக்கும் பாரம் நெஞ்சிலும் தோளிலும் பரவி, கயிறு பின்பக்கமாகப் போகும்படிதான் பட்டி கட்டுவார்கள். முதுகில் வளையம் உள்ள ஹார்னஸ் கறுப்பனுக்குச் செய்ததும் அதையே. கழுத்து வலி இல்லாமல் போனதும் முன்னையதைவிட மோசமாக இழுத்தான். இழுக்காத நாய்க்கும், கழுத்து நோகக்கூடாத சின்ன நாய்க்கும் அது நல்ல சாமான். இழுக்கிற நாய்க்கு நெஞ்சு வளையம்தான் உதவும். அதில் கயிற்றைக் கொழுவினால், நாய் முன்னால் பாயும்போது உடம்பு பக்கவாட்டில் திரும்பிவிடும். முழுப் பலத்தையும் போட முடியாது.

ஆறாம் நாள் அந்த முதுகு வளையமே விரிந்தது. பிறகு கையில் எடுத்துப் பார்த்தேன். கம்பியை வளைத்து இரண்டு நுனியையும் முட்டவிட்டிருக்கிறார்கள், ஒட்டே போடவில்லை. மேலே பளபளவென்று பூசியிருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. கயிறு திடீரென்று விட்டதும் அப்பா மல்லாக்க விழுந்தார். முழங்கையில் தோல் உரிந்தது, இரண்டு நாள் செயற்கைக் காலைப் போட முடியவில்லை. கறுப்பன் இருட்டின பிறகுதான் வந்தான். ஹார்னசைக் கழற்றினால், முன்னங்கால் இடுக்கு இரண்டிலும் மயிர் உதிர்ந்து, தோல் சிவந்து ஈரமாக இருந்தது.

அந்தப் பக்கத்துக்குத் திரும்ப எழுதினேன். "மூண்டு நாளைக்குள்ள சொல்லியிருந்தா மாத்தித் தந்திருப்பம்" என்று பதில். ஒரு கிழமை பார்க்கச் சொன்னதே அவர்கள்தான் என்று எழுதியதும் என்னை புளொக் செய்துவிட்டார்கள்.

அந்த ஆத்திரத்தில் நான் விட்ட அடுத்த பிழையையும் சொல்ல வேண்டும். டவுனில் ஒரு கடைக்குப் போனேன். "இழுக்கிற நாய்க்கு இதுதான் மருந்து, ரெண்டு நாளில அடங்கிடும்" என்று, இழுத்தால் சுருக்கு இறுகும் சங்கிலியைத் தந்தார்கள். நல்லகாலம், போடுவதற்கு முன் கால் இடுக்குப் புண்ணைக் காட்டக் கால்நடை வைத்தியரிடம் போனோம். சங்கிலியைக் கண்டதுமே வேண்டாம் என்றார். ஏற்கெனவே இருமுகிற நாய், மூச்சுக்குழாய் நசுங்கும் என்றார். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், கழுத்துப்பட்டியோடு இழுக்கும்போது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் கூடுவதையும் ஹார்னசில் அப்படிக் கூடாததையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். சங்கிலியை அன்றே திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கடையாவது காசைத் தந்தது.

கடைசியில் வழி கிடைத்தது ஓட்டோவுக்கும் வானுக்கும் சீற் தைக்கிற ஒரு தம்பியிடம். அந்த ஹார்னசையே பிரித்து, பழைய சீற் பெல்ட் பட்டியில் நெஞ்சுப் பட்டையை மாற்றி, ஒட்டுப்போட்ட வளையம் ஒன்றை நடுவில் வைத்து நைலோன் நூலால் குறுக்கும் மறுக்குமாகத் தைத்துத் தந்தார். கூலி 600 ரூபா. நெஞ்சுப் பட்டை தோளுக்குக் குறுக்கே கிடையாகப் போனால் முன்னங்கால் வீச்சைத் தடுக்கக்கூடும். கழுத்தடியில் இருந்து இரண்டு கால்களுக்கும் நடுவால் இறங்குகிற மாதிரி இருப்பது நல்லது. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை நூல் பிடித்து அளந்துகொண்டு போங்கள். போட்ட பிறகு பட்டிக்கும் உடம்புக்கும் இடையில் இரண்டு விரல் போக வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் நாய் பின்வாங்கிக் கழன்றுவிடும். எங்கள் வெயிலுக்குத் தடித்த பஞ்சு வைத்தது வேண்டவே வேண்டாம். நடந்து வந்ததும் கழற்றிவிடுங்கள், வாய்க்காலில் நனைந்த பட்டியோடு விட்டால் புண்ணும் வரும், உண்ணியும் அடியில் ஒளிந்திருக்கும்.

வளையத்தை மாற்றியதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. கயிறு இறுகினால் அப்பா அப்படியே நிற்பார், கயிறு தளர்ந்தால்தான் அடுத்த அடி வைப்பார். முதல் கிழமை படலையில் இருந்து மதகுவரை போகவே அரை மணித்தியாலம். இப்போது மயிலைக் கண்டால் கறுப்பன் நின்று அப்பாவைத் திரும்பிப் பார்க்கிறான்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்து முறைப்பாடு சொல்லியிருக்கிறேன். அவர்கள் அனுப்பிய செய்திகள், கூரியர் துண்டு, விரிந்த வளையம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. நீங்களும் ஓடர் போடும் முன் விளம்பரப் படத்தையும் பதிலையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். நான் புளொக் ஆனாலும் தங்கச்சியின் போனில் அந்தப் பக்கம் தெரிகிறது. இன்றும் அதே படத்தைப் போட்டுத்தான் விற்கிறார்கள், நெஞ்சு வளையத்தோடு.