அச்சடித்த படிவமா, கையால் எழுதும் கேர் பிளானா: ஒரு சர்ஜரி வார்டு ஒப்பீடு

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வரும் நோயாளிக்கு கேர் பிளான், அதாவது நர்ஸ் என்னென்ன கவனிக்க வேண்டும் என்ற திட்டம், எழுத இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பிரச்சினை, இலக்கு, செய்ய வேண்டியது எல்லாம் முன்பே அச்சடித்து வரும் படிவம். டிக் போட்டுக் கையெழுத்திட்டால் முடிந்தது. இன்னொன்று, வெற்றுத்தாளில் கோடு கிழித்து அந்த நோயாளிக்கென்றே எழுதுவது. நர்ஸாக இரண்டிலும் வேலை பார்த்துவிட்டு, தஞ்சாவூர் பக்கம் ஒரு சர்ஜரி வார்டில் இப்போது நான் கையால் எழுதும் தாளையே வைத்திருக்கிறேன்.

அச்சுப் படிவத்தின் நல்லது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சீக்கிரம் முடியும். நேற்று சேர்ந்த பிள்ளை டியூட்டி பார்த்தாலும் அலர்ஜி, வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போட்ட இடம், டிரெயின் (உள்ளே சேரும் நீரை வடிக்கும் குழாய்) அளவு, தவறி விழும் அபாயம் எதுவும் விட்டுப்போகாது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்த முதல் ஒரு மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒரு தடவை பிபி, நாடி, மூச்சு பார்க்கும்போது யோசித்து எழுத யாருக்கும் நேரமிருக்காது. அங்கே கட்டம் போட்ட சார்ட்தான் சரி. இன்றும் எங்கள் வார்டில் முதல் நாளுக்கு அதுதான்.

சிக்கல் மறுநாள் காலையில் ஆரம்பிக்கிறது. குடலில் ஓட்டை விழுந்து ராத்திரியோடு ராத்திரியாக வயிற்றைத் திறந்து தைத்த ஒரு பெரியவரை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னார்குடிப் பக்கம் வயல்வேலை, இளவயதிலிருந்து பீடி. மூக்கு வழியாக வயிற்றுக்குள் போகும் ரைல்ஸ் டியூப், வயிற்றில் டிரெயின், சிறுநீருக்கு ஒரு டியூப். "வலி எப்படிங்கய்யா இருக்கு?" என்று கேட்டால், அசையாமல் படுத்தபடியே "பரவால்லம்மா" என்பார். படிவத்தில் 0 முதல் 10 வரை உள்ள கோட்டில் 2-க்கு நேரே டிக் விழும். அடுத்த ஷிப்டிலும் 2. அதற்கடுத்த ஷிப்டிலும் 2.

அவரை இருமச் சொன்னால்தான் விஷயம் தெரியும். கை தானாக வயிற்றுக்குப் போகும், முகம் சுருங்கும், பாதி இருமலை அப்படியே விழுங்கிவிடுவார். பீடி குடித்த நெஞ்சு. சளி வெளியே வராவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். கையால் எழுதும் தாளில் இதை எழுத இடமிருக்கிறது: "படுத்திருக்கையில் வலி 2, இருமும்போது 8. இருமலை அடக்குகிறார். வலது பக்கம் அடியில் மூச்சுச் சத்தம் குறைவு." இலக்கு: "நாளைக் காலைக்குள் இருமும்போது வலி 4-க்குக் கீழ், சளியை வெளியே துப்புவார்." செய்ய வேண்டியது: டாக்டர் எழுதிய வலி ஊசி போட்டு அரை மணி கழித்து உட்கார வைப்பது; தையல் மேல் தலையணையை அணைத்துப் பிடித்து இருமச் சொல்லிக்கொடுப்பது; விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை ஆழ்ந்த மூச்சு. இதைப் படிக்கும் நைட் சிஸ்டர் வலியை எப்போது கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு கட்டிலுக்குப் போவார்.

இதெல்லாம் காலேஜில் படித்ததுதான். பிரச்சினை, அதற்குக் காரணம், அதைக் காட்டும் அறிகுறி என்று மூன்றையும் சேர்த்து எழுதும் முறை. இப்படி நர்ஸ் கண்டறிந்து எழுதும் பிரச்சினைகளை, அதாவது நர்சிங் டயக்னோசிஸை, வகைப்படுத்த அமெரிக்காவில் முதல் மாநாடு கூடியது 1973-இல். அதிலிருந்து வந்த பெயர்கள்தான் இரண்டு வகைத் தாளிலும் இருக்கின்றன. ஆகவே பாடத்தை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது ஒரே விஷயம்: தாளை ஷிப்டுக்கு ஷிப்ட் யார் திருத்துகிறார்கள் என்பது. ஆபரேஷன் ஆன உடம்பு நாளுக்கு நாள் மாறும். இன்று மூச்சும் வலியும் பெரிது. நாளை நடக்க வைப்பதும் குடல் அசைவும். அதற்கப்புறம் காய்ச்சல் வந்தால் நுரையீரல், யூரின், தையல் மூன்றையும் பார்த்தாக வேண்டும். அச்சடித்த வரியை யாரும் கோடு போட்டு அடிப்பதில்லை. அச்சில் இருப்பதாலேயே அது முடிந்துபோன விஷயம் மாதிரி தோன்றிவிடுகிறது. யூரின் டியூபை எடுத்த பிறகும் "டியூப் பராமரிப்பு" என்ற வரிக்கு நேரே டிக் தொடரும். கையால் எழுதியதை அடிக்க யாரும் தயங்குவதில்லை.

ஆனால் கையால் எழுதும் தாளும் தானாக உயிரோடு இருக்காது. நீளமாக எழுதினால் அதையும் யாரும் படிக்க மாட்டார்கள். ஸ்டூடண்டாக இருக்கும்போது பக்கம் பக்கமாக எழுதியது மார்க்குக்கு. வார்டுக்கு அது ஆகாது. ஒரு நேரத்தில் மூன்று பிரச்சினைக்கு மேல் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறோம். ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஹேண்டோவரை கட்டில் பக்கத்தில் நின்று, அந்தத் தாளைப் பார்த்தே சொல்கிறோம். இலக்கு எட்டியதா, பாதியா, இல்லையா என்று ஒரே வரி. எட்டியதை தேதி போட்டு அடித்துவிட வேண்டும். இந்தப் பழக்கம் இல்லாத வார்டில் அச்சுப் படிவமே மேல். அடிக்காத கையெழுத்துத் தாள் அதைவிட ஆபத்து.

எண்களிலும் வித்தியாசம் தெரியும். படிவத்தில் எல்லோருக்கும் "மணிக்கு 30 மி.லி. யூரின்" என்று இருக்கும். பெரியவர்களுக்குப் பொதுவாகப் பார்க்கும் கணக்கு மணிக்கு, கிலோவுக்கு 0.5 மி.லி. 80 கிலோ ஆளுக்கு அது 40. அவருக்கு 30 மி.லி. வந்தால் படிவப்படி சரி, கணக்குப்படி டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

டிஸ்சார்ஜ் பகுதியில் அச்சுப் படிவம் ரொம்பவே பின்தங்குகிறது. "சத்தான உணவு, பளு தூக்கக் கூடாது" என்று இருக்கும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்குப் போனதும் பத்தியம் ஆரம்பமாகிவிடும்: மீன் கூடாது, முட்டை கூடாது, பருப்பு கூட வேண்டாம், சீழ் வைக்கும் என்று ரசஞ்சோறு மட்டும் போடுவார்கள். புண் ஆற புரதம் வேண்டும். "முட்டை தினம் ஒன்று; மகளிடம் பேசியாயிற்று, சம்மதித்தார்" என்று எழுதினால்தான் அது பிளான். தை அறுவடை நெருங்கும் நேரமென்றால் நெல் மூட்டையை யார் தூக்குவார்கள் என்று பெயரோடு எழுதுகிறேன். வாய்க்கால் குளியலுக்கு எப்போது போகலாம், டிரெஸ்ஸிங் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்பதும் தாளில் வேண்டும். தையலில் தொற்று 30 நாள் வரைக்கும் வரலாம். அந்த நாளில் பெரும்பகுதி அவர் நம் கண்ணில் படமாட்டார்.

ஐசியூவில் நான் பார்த்த வேலை குறைவு. மணிக்கு மணி எல்லாம் மாறும் அந்த இடத்துக்கு என் வாதம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டரில் தேர்ந்தெடுக்கும் கேர் பிளானையும் கொஞ்ச நாள்தான் பயன்படுத்தினேன். அச்சுப் படிவத்தின் குணம்தான் அதற்கும் இருந்தது, ஒரு வித்தியாசத்தோடு: யார் எப்போது திருத்தினார்கள் என்பது அதில் பதிவாகிவிடுகிறது. ராத்திரி ஒரே சிஸ்டர் வார்டு முழுக்கப் பார்க்கும் இடமாக இருந்தால், அச்சுப் படிவத்தையே வைத்துக்கொண்டு கீழே நாலு வெற்று வரியாவது விடச் சொல்லிக் கேளுங்கள்.